கடலா, கண்ணா

கொட்டாஞ்சேனை வீட்டின் முன் ஜன்னலுக்குப் புதுக் கம்பி பூட்டிய அன்று எவ்லின் வேலையால் வந்து, செருப்பைக் கழற்ற முன்னமே சண்டையைத் தொடங்கிவிட்டாள்.

"இதென்ன வேலை இது? நடுவில நிக்கிற ரெண்டு கம்பியும் வளைஞ்செல்லோ நிக்குது. வெல்டிங் பாஸ் கம்பியை ஒட்டேக்க நீங்கள் பக்கத்தில நிண்டு பாக்கேல்லையா?"

அவளுடைய கணவன் சூசைதாசன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எழும்பி வந்து கம்பியைப் பார்த்தார். உள்ளே போய் இரும்பு அடிமட்டக் கோலை எடுத்துவந்து கம்பியோடு ஒட்டிப் பிடித்தார். இடைவெளியே இல்லை.

"நேராத்தான் நிக்குது, எவ்லின்."

"எனக்கு வளைவாத்தானே தெரியுது."

"ஒரு கண்ணைப் பொத்திப்போட்டுப் பார்."

வலது கண்ணைப் பொத்தினாள். கம்பிகள் விறைப்பாக நின்றன. இடது கண்ணைப் பொத்தினாள். இரண்டு கம்பிகளும் நடுவில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தன. சாய்ந்த இடத்தில் எண்ணெய்க் கை பட்டதுபோல ஒரு மங்கல். கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். மங்கல் அப்படியே கிடந்தது.

"நாளைக்கே டொக்டரிட்டப் போவம்" என்றார் சூசைதாசன். தன்னோடு கிரேன் ஓட்டிய ஒருவரை இதே குறை கண்டு கீழே இறக்கியதை அவர் வெகுநாள் கழித்துத்தான் அவளிடம் சொன்னார்.

எவ்லினுக்கு அந்த நேரம் டொக்டர் நினைவு வரவில்லை. ஆய்வுகூடத்தில் அவள் குறைசொல்லி மாற்றுவித்த கோடு போட்ட எண்ணும் தட்டுத்தான் நினைவுக்கு வந்தது. பழைய தட்டின் கோடுகள் நெளிந்துவிட்டன, பிளாஸ்டிக் இளகிவிட்டது என்று சொல்லிப் புதியது எடுப்பித்தாள். புதியதன் கோடுகளும் நெளிந்துதான் இருந்தன. இந்தக் காலத்தில் வருகிற சாமானெல்லாம் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு அதிலேயே எண்ணத் தொடங்கிவிட்டாள்.

எவ்லின் என்ன வேலை செய்கிறாள் என்பது அவளுடைய சொந்தக்காரர் பலருக்கு இன்றுவரை சரியாக விளங்கியதில்லை. மட்டக்குளியைத் தாண்டி, ஆறு கடலில் விழுகிற பக்கமாக உள்ள ஒரு கடல் ஆய்வு நிலையத்தில் அவள் விஞ்ஞானி. கடலில் மிதந்து திரிகிற சின்னஞ்சிறு உயிர்களான விலங்குப் பிளாந்தன்களை இனம் பிரித்து எண்ணுவது அவள் வேலை. இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு, அம்புப்புழு, எல்லாவற்றையும் விட அதிகமாக, ரவையிலும் சின்னக் கோப்பெபொட்டுகள். மாதம் ஒருமுறை மட்டக்குளி மீனவன் ஸாலிஹின் படகை வாடகைக்குப் பிடித்து இரண்டு இடங்களில் வலை இழுப்பார்கள். ஒன்று கரைக்குக் கிட்ட. மற்றது கப்பல் பாதைக்கு அப்பால், தண்ணீர் கறுப்பாகத் தெரிகிற ஆழக்கடலில். இடமும் மாறாது, வலையும் மாறாது. வலையில் பட்டதைப் போத்தலில் அடைத்துக்கொண்டு வந்து, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து எண்ணுவார்கள்.

ஒரு மாதத்து எண்ணிக்கையால் ஒரு பிரயோசனமும் இல்லை. பத்து வருசத்து எண்ணிக்கை இருந்தால் கடல் ஏதோ முணுமுணுப்பது கேட்கும். முப்பது வருசம் இருந்தால் அது சொல்வது விளங்கத் தொடங்கும். எவ்லின் பல்கலைக்கழகம் முடித்த கையோடு வந்தவள். சண்டைக் காலத்தில் கடற்படையின் அனுமதிப் பாஸ் எடுத்துப் போய் இழுத்தார்கள். சுனாமிக்கு அடுத்த மாதம் ஒருவரும் கடலுக்கு வரமாட்டோம் என்றபோதும் போய் இழுத்தார்கள். அத்தனை வருசமும் எண்ணியது ஒரே ஆள். அதுவும் ஒரே கண். பிறந்ததிலிருந்து அவளுடைய இடது கண் சோம்பேறிக் கண். தூரத்தைப் பார்க்க உதவும், நுணுக்கத்துக்கு உதவாது. நுணுக்குக்காட்டியில் குனிந்தால் பார்ப்பது வலது கண்தான்.

அந்தக் கண்ணைத்தான் பொரளைப் பக்கம் இருந்த கண் டொக்டர் நாடியைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். சின்னச் சதுரங்கள் போட்ட தாளொன்றைக் காட்டினார். நடுவில் உள்ள சதுரங்கள் அவளுக்கு உருகிக் கிடந்தன. படம் எடுத்தார். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு போகிறது, வயதோடு வருவதுதான் என்றார்.

"ஊசி போட்டு மிச்சத்தைக் காப்பாத்தலாம், மிஸிஸ் சூசைதாசன். போனது திரும்பி வராது."

"எப்ப தொடங்கினது டொக்டர்?"

"அதைச் சொல்ல ஏலாது. ஒரு வருசமா இருக்கலாம். மூண்டு வருசமாவும் இருக்கலாம். மெல்ல மெல்ல வாறது. மூளை தானாவே இட்டு நிரப்பிக்கொள்ளும், அதால ஆக்களுக்குத் தெரியாது."

"மூளை எதைப் போட்டு நிரப்பும்?"

டொக்டர் சிரித்தார். "சுத்திவர என்ன இருக்கோ அதைத்தான். வெள்ளைத் தாளெண்டால் வெள்ளையால நிரப்பும்."

"தண்ணியெண்டால்?"

"தண்ணியால."

எவ்லின் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். டொக்டர் அவளுக்குப் பயம் பிடித்துவிட்டதென்று நினைத்து, நடமாட்டத்துக்கு ஒரு குறையும் வராது, சமைக்கலாம், கோயிலுக்குப் போகலாம் என்று ஆறுதல் சொன்னார். அவள் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன சில வருசங்களாக அவளுடைய எண்ணிக்கையில் ஒரு புதினம் வந்துகொண்டிருந்தது. பெரிய கோப்பெபொட்டுகள் முந்தியபடியே இருந்தன. சின்னதுகள் மட்டும் குறைந்துகொண்டு போயின. கரையிலும் குறைவு, ஆழக்கடலிலும் குறைவு. சூடேறுகிற கடல்களில் பெரிசு குறைந்து சின்னது கூடுவதாகத்தான் வெளிநாட்டு ஆய்வாளர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். கொழும்புக் கடல் தலைகீழாக நடந்தது. பிரிவுத் தலைவர் றொஹானுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அறிக்கை எழுதி, கடல்களை நெடுங்காலம் கண்காணிக்கிற பல நாட்டு நிலையங்களின் கூட்டுக்கு அனுப்பினார். போன மாசியில் மட்டக்குளி மீனவர் சங்கத்துக்கு எவ்லினையே கூட்டிப்போய்ப் பேசவைத்தார். அங்கே அவள் தமிழிலும் சிங்களத்திலும் விளங்கப்படுத்தினாள்: கரைக்கு வருகிற சூடை மீனின் குஞ்சு தின்பது இந்தச் சின்னதுகளை. இது குறைந்தால் அது வராது. மீனவர்கள் தலையாட்டினார்கள். சூடை உண்மையாகவே வராமல்தான் இருந்தது. தாங்கள் கண்டதை ஒரு படித்த மனுசியும் சொல்கிறாளே என்று அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

கண் பரிசோதனைக்கு மருந்து விட்டிருந்ததால் வெளியே எல்லாம் வெள்ளையாகக் கூசியது. சூசைதாசன் வீட்டுக்குப் போவோம் என்றார். "நீங்கள் போங்க. நான் மயூரியைக் கண்டிட்டு வாறன்" என்றாள். இந்தக் கண்ணோடு தனியாகப் போகவேண்டாம் என்று அவரும் கூடவே நின்றார். பஸ்ஸின் பெயர்ப்பலகையை அவள் வாசிக்கப் பார்த்தாள். எழுத்துகள் நடுவில் விழுங்கப்பட்டிருந்தன. "மல்லி, வெள்ளவத்தட்ட யனவத?" என்று, வெள்ளவத்தைக்குப் போகுமா எனக் கொண்டக்டரிடம் சிங்களத்தில் கேட்டு ஏறினார்கள்.

மயூரி நிலையத்தில் சேர்ந்து ஒரு வருசம் ஆகவில்லை. ஜப்பானில் படித்துவிட்டு வந்தவள். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில், நாலாம் மாடியில் தாயோடு இருந்தாள். சனிக்கிழமை பின்னேரம் அறிவிக்காமல் எவ்லின் வந்து நின்றதைக் கண்டு அவளுக்குத் திகைப்பு. தாய் சூசைதாசனுக்கு அருகே தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போனார்.

எவ்லின் சுற்றிவளைக்கவில்லை. டொக்டர் சொன்னதைச் சொன்னாள்.

கீழே கரையோர ரயில் ஒன்று கத்திக்கொண்டு போனது. அது போய் முடிந்த பிறகு மயூரி சொன்னாள்.

"அக்கா, நான் ஒண்டு சொல்லட்டா? வைகாசி மாதத்து ஆழக்கடல் போத்தலை நான் சும்மா ஒருக்கா எண்ணிப் பாத்தனான். என்ர கைப்பழக்கத்துக்குத்தான். எனக்குச் சின்னதுகள் நிறைய வந்தது. உங்கட எண்ணிக்கையைவிட எவ்வளவோ கூட. நான்தான் பிழையா எண்ணிப்போட்டன் எண்டு நினைச்சன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"உங்களுக்கா? நான் பிறக்க முன்னமே நீங்கள் எண்ணத் தொடங்கினீங்கள். நான் என்னெண்டு..." அவள் வசனத்தை முடிக்கவில்லை.

எவ்லினுக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் தான் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

"திங்கட்கிழமை எல்லாப் போத்தலையும் எடு பிள்ளை. நீ திருப்பி எண்ணு."

"எல்லாப் போத்தலும் எங்க அக்கா இருக்கு?"

அதை எவ்லின் மறந்துபோயிருந்தாள் என்று சொல்ல முடியாது. மனம் அந்தப் பக்கம் போகாமல் நின்றிருந்தது.

2022 இல் நாட்டில் டொலர் இல்லாமல்போன வருசம், பெற்றோலுக்கும் காஸுக்கும் சனம் வரிசையில் நின்றதுபோல ஆய்வுகூடம் போத்தலுக்கும், மாதிரிகளைப் பழுதாகாமல் வைக்கிற ஃபோமலினுக்கும் நின்றது. கடைசியில் ஒரு முடிவு எடுத்தார்கள். எண்ணி முடிந்த மாதிரிகளை வைத்திருக்கவேண்டாம். ஊற்றிவிட்டுப் போத்தலைக் கழுவி அடுத்த மாதத்துக்கு எடுப்போம். எவ்லின் ஒருமுறை எதிர்த்துப் பேசினாள். அப்படியென்றால் வலை இழுப்பதையே நிறுத்தவேண்டிவரும் என்றார்கள். தொடர் அறுந்துபோகக்கூடாது என்று அவளும் சம்மதித்தாள். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. மயூரி வந்து, இதென்ன அநியாயம் என்று கேட்ட பிறகுதான் நின்றது. தட்டுப்பாட்டுக்கு முந்திய போத்தல்கள் களஞ்சியத்தில் அடுக்கடுக்காக இருந்தன. மயூரி வந்த பிறகு சேர்ந்தவையும் இருந்தன. இடையில் உள்ள காலத்தின் கடல், கைகழுவும் தொட்டியால் போய்விட்டது. அது இருந்ததற்கு மிச்சமாக நிற்பது எவ்லினின் எண்கள் மட்டும்.

சூசைதாசன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "உன்ர கண் இவ்வளவு பிழை எண்டு இப்ப அளந்தால், முந்தி எவ்வளவு பிழை எண்டு கணக்குப் பாக்க ஏலாதா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். மயூரிதான் பதில் சொன்னாள்: இன்றைய பிழையை அளக்கலாம், அண்ணை. அது என்று தொடங்கி, எந்த மாதம் எவ்வளவு கூடியது என்று அளக்க முடியாது. டொக்டருக்கே தெரியாததை நாங்கள் எப்படி அறிவது?

அடுத்த கிழமைகளில் மயூரி உட்கார்ந்து எண்ணினாள். முதலில் பழைய போத்தல்களில் சிலது. எவ்லின் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். கையில் வேலை இல்லை. மயூரியின் கட்டைவிரல் எண்மானியை அமத்துகிற சத்தம் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. பழைய போத்தல்களில் மயூரியின் எண்ணிக்கையும், அந்தக் காலத்தில் எவ்லின் எழுதிவைத்த எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன.

"பாருங்கோ அக்கா," என்றாள் மயூரி, "எவ்வளவு சரியா எண்ணியிருக்கிறீங்கள்."

எவ்லின் எழும்பி வெளியே போனாள். ஒழுங்கையில் ஒரு முச்சக்கரவண்டிக்காரன் தன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் கழுவி முடித்துத் துடைக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

பிறகு புதிய போத்தல்கள். எவ்லின் கண்டதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சின்னதுகளை மயூரி கண்டாள். ஆனாலும் கதை அதோடு முடியவில்லை. பழைய காலத்தோடு ஒப்பிட்டால் மயூரியின் எண்ணிக்கையும் குறைவுதான். கொஞ்சம் குறைவு, ஆனால் குறைவு.

"அப்ப கடலிலயும் குறைஞ்சிருக்கு" என்றாள் எவ்லின்.

"ஓம் அக்கா. எப்ப குறைஞ்சது எண்டுதான் தெரியாது. ஒரேயடியா விழுந்ததா, வருசா வருசம் குறைஞ்சதா, இல்லாட்டி விழுந்து திரும்ப ஏறுதா..."

அதுதான் அவளை உள்ளுக்குள் அறுத்தது. கண் பழுதாகி, கடல் நன்றாக இருந்திருந்தால், தன் பிழை என்று ஒப்புக்கொண்டு வீட்டில் இருந்துவிடலாம். கடலிலும் ஏதோ நடந்திருக்கிறது. அது நடந்த நேரம் பார்க்க வைத்திருந்த ஒரே கண், பார்க்காமல் தண்ணீரால் இட்டு நிரப்பிக்கொண்டு இருந்திருக்கிறது. ஒரு நாள் அவள் தனியே நுணுக்குக்காட்டியில் குனிந்தாள். தலையைச் சரித்து, நேராகப் பார்க்காமல் ஓரத்தால் பார்க்க முயன்றாள். ஓரத்தில் ஏதோ துடிப்பது தெரிந்தது. அதை நோக்கிக் கண்ணைத் திருப்பியதும் இல்லாமல்போனது. திரும்பத் திரும்ப அப்படியே நடந்தது. ஃபோமலினில் கிடப்பது ஒன்றும் துடிக்காது என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. கண் தானாக ஒன்றை உண்டாக்கிக் காட்டியிருந்தது.

றொஹானிடம் இருவருமாகப் போய்ச் சொன்னார்கள். அவர் கெட்ட மனுசன் இல்லை. முதலில் எவ்லினின் கண்ணைப் பற்றித்தான் விசாரித்தார், தனக்குத் தெரிந்த டொக்டர் ஒருவர் இருக்கிறார் என்றார். பிறகு கதிரையில் சாய்ந்து முகட்டைப் பார்த்தார்.

"அறிக்கை போயிட்டுது, எவ்லின். கூட்டிலுள்ள ஆக்கள் தங்கட படத்தில எங்கட கோட்டைப் போட்டிட்டாங்கள். இப்ப என்னத்தைச் சொல்லுறது? எங்கட கடல் மாறேல்ல, எங்கட ஆளின்ர கண்தான் மாறினது எண்டா?"

"கடலும் மாறியிருக்கு."

"எவ்வளவு?"

"அதைச் சொல்ல ஏலாது" என்றாள் எவ்லின்.

"அப்ப அந்த வருசங்களை எடுத்துவிடுவம்" என்றார் அவர். "தரவு இல்லை எண்டு போடுவம். அதுதான் நேர்மை."

நேர்மைதான். எவ்லினால் அதை மறுக்க முடியவில்லை. அந்த வருசங்களிலும் அவர்கள் போனார்கள். டீசல் இல்லாத மாதத்தில் ஸாலிஹ் தன் மச்சானிடம் கெஞ்சி ஒரு கான் டீசல் வாங்கிவந்தான். கரண்ட் இல்லாத நாளில் ஜன்னல் ஓரமாக நுணுக்குக்காட்டியை இழுத்துவைத்து, வெயில் வெளிச்சத்தில் எண்ணினாள். ஒரு மாதமும் விட்டதில்லை. கடலிலிருந்து ஒவ்வொரு மாதமும் பதில் வந்தது. வாங்கிக்கொண்டவள்தான் சரியாகக் கேட்கவில்லை.

"பெரிசுகளின்ர எண்ணிக்கை சரிதானே. அதையாவது வைக்கலாமே" என்றாள்.

"ஒரு பாதியை நம்பு, மறுபாதியை நம்பாதே எண்டு ஆருக்குச் சொல்லுறது?" என்று கேட்டார் றொஹான். கோபமாகக் கேட்கவில்லை. களைத்துப்போய்த்தான் கேட்டார். மயூரி கணினியில் அந்த வருசங்களை அழித்தாள். திரையில் ஓடிய கோடு ஓரிடத்தில் அறுந்து, வெகுதூரம் தள்ளி ஒரு சின்னத் துண்டாக மறுபடி தொடங்கியது. எவ்லினுக்கு அந்த இடைவெளி நன்றாகத் தெரிந்தது. அவளுடைய கண்ணுக்கு மறைந்துபோகிற அளவுக்குச் சின்னதல்ல அது.

ஊசி போட்டார்கள். மங்கல் பெருகாமல் நின்றது, குறையவும் இல்லை. எண்ணும் வேலை மயூரிக்குப் போனது. ஓய்வுபெற இன்னும் காலம் இருந்ததால் எவ்லினை விட்டுவிடவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது என்ற நிலை. "படகில போய் வாங்கோ. கடலை உங்களைப்போல அறிஞ்ச ஆள் வேற இல்லை" என்றார் றொஹான். அன்பாகத்தான் சொன்னார்.

புரட்டாதியில் போனார்கள். தென்மேற்குக் காற்று அடங்கி, கடல் இறங்கியிருந்தது. கரைப்பக்க வலையை இழுத்து முடித்து ஆழக்கடலுக்குப் போய்ச்சேர முற்பகல் ஆகிவிட்டது. ஸாலிஹ் எஞ்சினை நிறுத்தினான். மயூரி வலையை இறக்கினாள், எவ்லின் கயிற்றைக் கைமாற்றிக் கொடுத்தாள். கைக்கு எல்லாம் பழக்கம். கயிறு எவ்வளவு போயிருக்கிறது என்பதைப் பாரத்தாலேயே அறிவாள். வலை ஏறியதும் மயூரி அடிக்குவளையைக் கழற்றிப் போத்தலில் ஊற்றி, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

ஸாலிஹ் எட்டிப் பார்த்தான். போத்தலை அல்ல, எவ்லினை.

"என்ன மிஸ், இந்த முறை எப்பிடி ஈக்கி? சின்னது கூடியா, இன்னும் கொறவா?"

"தெரியாது ஸாலிஹ்."

"எண்ணினாத்தானே தெரியும். சும்மா பாக்கக்கொள்ள எப்பிடி எண்டுதான் கேக்கிற."

"அதில்லை. முந்திச் சொன்னதையும் இப்ப சொல்ல ஏலாது. நான் எண்ணினதில பிழை இருக்கு. அந்த வருசங்களில குறைஞ்சதா இல்லையா எண்டு எனக்குத் தெரியாது."

அவன் சுக்கானில் கையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். "சங்கத்தில வந்து நீங்கதானே மிஸ் செல்லினீங்க, சூடைக்குத் தீனி இல்லயெண்டு. நாங்க அதைச் செல்லித்தானே பெரிய இடங்களுக்கு மனுக் குடுத்தீக்கி. சூடை வாரல்லயே. அது பொய்யா?"

"சூடை வராதது பொய்யில்லை. ஏன் எண்டதுதான்..."

"உங்களுக்கு வாயைத் தொறக்க வேணாமெண்டு செல்லீட்டாங்க, அப்பிடித்தானே?" ஸாலிஹ் குரலைத் தாழ்த்தினான். கடலுக்கு நடுவிலும் யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல. "பரவாயில்ல மிஸ். எனக்கு வெளங்குது. நான் ஒருத்தரிட்டயும் செல்லமாட்டன்."

"இல்லை ஸாலிஹ். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. என்ர கண்..."

"சரி மிஸ், சரி" என்றான் அவன். அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிடுவான் போல அவ்வளவு இரக்கம் அவன் முகத்தில். அவளுக்காக அவன் ஏற்கெனவே ஒரு கதையைச் செய்து முடித்துவிட்டான். அந்தக் கதையில் அவள் நல்லவள், கண்ணும் நல்ல கண், யாரோ பெரியவர்கள்தான் கெட்டவர்கள். அதை அவனிடமிருந்து பறிக்க அவள் கையில் ஒன்றுமில்லை. உதவிக்காக மயூரியைப் பார்த்தாள். மயூரி போத்தல் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஸாலிஹ் எஞ்சினை இழுத்தான். படகு கரையை நோக்கித் திரும்பியது. துறைமுகத்துக் கிரேன்கள் தூரத்தில் எழும்பத் தொடங்கியபோது எவ்லின் தன் கண்தான் பிழை என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். எஞ்சின் சத்தத்தில் அவன் கையைக் காதில் வைத்து, கேட்கவில்லை என்று சைகை காட்டினான். அவள் கையை அசைத்து, ஒன்றுமில்லை என்றாள்.